அவருக்குப் பிடித்ததெல்லாம்

எங்கள் தெருவில் யாருக்காவது இந்த நோய் வந்துவிட்டால், இரண்டு மூன்று நாளில் அந்த வீட்டிலிருந்து ஒருத்தர் என் வாசலில் வந்து நிற்கிறார். "உங்க வீட்டுக்காரருக்கு என்ன குடுத்தீங்க?" இதுதான் கேள்வி. மருந்தைக் கேட்கவில்லை, அது டாக்டர் பாடு. சாப்பாட்டைக் கேட்கிறார்கள். மாதுளை, கோதுமைப்புல் சாறு, பப்பாளி இலை என்று நான் ஏதாவது சொல்லுவேன் என்று எதிர்பார்த்து வருகிறார்கள். நான் சொல்வதைக் கேட்டதும், பாவம் இவளுக்கு அந்த நாளிலிருந்தே மூளை சரியில்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும். ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் வாசலில் நின்று தொண்டை வறளப் பேச வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தைரியம் சொல்வதற்காக இல்லை. எனக்கே அப்போது தைரியம் இருக்கவில்லை. கோபம்தான் இருந்தது, அதுவும் எல்லார் மேலும்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். பெங்களூரு அடுகோடியில் ஒரு மாடி வீட்டில் நானும் இவரும் வாடகைக்கு இருந்தோம். பிள்ளைகள் இல்லை. இவர் இரண்டு தெரு தள்ளி ஒரு பட்டறையில் இரும்பு கடைகிற லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் ஒசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் சட்டையை உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்து, நூல் பிரிந்திருந்தால் தள்ளிவிடுவது வேலை. மணிக்கு இத்தனை சட்டை என்று டார்கெட் உண்டு. குறைந்தால் சூப்பர்வைசர் வாயில் விழ வேண்டும். கீழ்வீட்டில் வீட்டின் சொந்தக்காரி கௌரம்மா. கன்னடக்காரர், சுத்த சைவம். நான் மேலே மீன் பொரித்தால் அவர் கீழே கட்டுக்கட்டாக ஊதுபத்தி ஏற்றுவார். குழாய்த் தண்ணீர் விஷயத்தில் வேறு எங்களுக்குள் பேச்சுவார்த்தை முறிந்திருந்தது.

ஒரு நாள் சவரம் செய்துகொண்டிருந்த இவர், "கழுத்துல நெறி கட்டியிருக்கு" என்று காட்டினார். கொட்டைப்பாக்கு அளவு. தொட்டால் வலி இல்லை. வலி இல்லாததால் நல்லது என்று நினைத்தோம். அதுதான் கெட்டது என்று பிறகு தெரிந்தது. உப்பு ஒத்தடம் கொடுத்தேன். தெருமுனை டாக்டர் ஒரு மாதம் மாத்திரை கொடுத்தார். கட்டி கரையவில்லை, அக்குளில் இன்னொன்று வந்தது. இவருக்கு சட்டை நனைய வேர்த்தது. பகல் முழுக்க ஊரான் சட்டையின் காலரை அளந்து பார்க்கிற நான், என் புருஷன் கழுத்தில் காலர் தொளதொளத்துப் போனதைக் கவனிக்கவில்லை. பட்டறை முதலாளிதான் பார்த்துச் சொன்னார். அந்த ஆள் மேலும் எனக்குக் கோபம், முதலில் பார்த்துவிட்டாரே என்று.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெயர் வேண்டாம். அங்கே பெஞ்சில் இடம் பிடிப்பதே ஒரு வேலை. கட்டியிலிருந்து கொஞ்சம் சதையை வெட்டி எடுத்து, கண்ணாடித் துண்டில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அதற்குப் பெயர் பயாப்சி. அப்புறம் இடுப்பெலும்பில் கனத்த ஊசி போட்டு உள்ளே இருக்கிற மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தார்கள், நோய் எலும்புவரை போயிருக்கிறதா என்று பார்க்க. இவர் கத்தவில்லை. வெளியே வந்து, "துளை போட்டா இரும்புக்கு எப்படி இருக்கும்னு இப்பத்தான் தெரியுது" என்றார். நான் சிரிக்கவில்லை.

டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மாள். கன்னடம் தோய்ந்த தமிழில் நிதானமாகச் சொன்னார். "இது லிம்ஃபோமா. உடம்புல நெறி கட்டற இடமெல்லாம் இருக்கே, அங்க வர்ற கேன்சர். அறுத்து எடுத்தா போதாது, உடம்பு பூரா மருந்து போகணும். இருபத்தொரு நாளுக்கு ஒரு தடவை, ஆறு தடவை."

"குணமாகுமா?" என்றேன்.

"குணமாக நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா ஆறும் நேரத்துக்கு நேரம் போகணும். இடைவெளி விட்டா நோய் எழுந்துக்கும்." இவரை எடைமெஷினில் ஏற்றினார்கள். ஐம்பத்து நான்கு. டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஏற்கெனவே ஒல்லி. ஐம்பதுக்குக் கீழ போனா இவர் உடம்பு மருந்தைத் தாங்காது, நான் நிறுத்த வேண்டி வரும். மருந்து என் வேலை. சாப்பாடு உங்க வேலை."

கார்மெண்ட்ஸில் பதினோரு வருடம் டார்கெட்டோடு மல்லுக்கட்டியவள் நான். இப்போது ஆஸ்பத்திரியிலும் ஒரு டார்கெட். ஐம்பது கிலோ. அது குறைந்தால் வேலை போகாது, ஆள் போவார்.

முதல் மருந்து நாளுக்கு நான் எப்படித் தயாரானேன் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து ஏறினால் நாலைந்து நாளைக்குச் சாப்பாடு இறங்காது என்று பக்கத்து பெஞ்ச் அம்மா சொல்லியிருந்தார். அப்படியானால் அன்றைக்கே வயிறு நிறையப் போட்டுவிட வேண்டும். அதுவும் இவருக்கு உயிரான சாப்பாட்டைப் போட்டால், பயத்தை மறந்து இரண்டு வாய் கூடுதலாக உள்ளே போகும். யாராயிருந்தாலும் இப்படித்தானே யோசிப்பார்கள்? விடியற்காலையில் எழுந்து மசாலா அரைத்து ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தேன். இவருக்குக் கறிக்குழம்பு என்றால் பட்டறையில் பாதி வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவார். டிபன் கேரியரில் அடைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

கீமோ என்கிறார்களே, அது ஒன்றுமில்லை, நரம்பில் ஊசி குத்திச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றுவதுதான். அதில் ஒன்று சிவப்பு. கல்யாண வீட்டு ரோஜா சர்பத் நிறத்தில் இருக்கும். அது ஏறினால் மறுநாள் சிறுநீர்கூட சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பயப்பட வேண்டாம் என்று சிஸ்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மருந்து ஏறி முடிந்ததும் கேரியரைத் திறந்தேன். இவர் என் திருப்திக்காகச் சாப்பிட்டார். நான் ஒவ்வொரு வாயையும் பார்த்தேன். தொண்டைக்குழி ஏறி இறங்கினால்தான் எனக்கு மூச்சு வரும்.

"வாயையே பார்க்காதே சாந்தி. எனக்கு இறங்கமாட்டேங்குது."

"இறங்கும். இன்னொரு வாய்."

சாயங்காலம் எல்லாம் வெளியே வந்தது. அதை விட்டுவிடலாம், எல்லாருக்கும் வரும். நாலு நாள் கழித்து பக்கத்து வீட்டில் யாரோ கறி வேகவைத்தார்கள், வாசம் ஜன்னல் வழியாக வந்ததுமே இவர் பாத்திரத்தைத் தேடி ஓடினார். கறி கெட்டுப்போனதுதான் காரணம் என்று நான் முடிவு கட்டி, கறிக்கடை பாயிடம் போய்ச் சண்டை போட்டேன். "அதே ஆடுதான் தங்கச்சி நாப்பது வீட்டுக்குப் போச்சு. யாரும் வந்து கேக்கலியே" என்றார் அவர் பொறுமையாக. அந்தப் பொறுமை எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இரண்டாவது மருந்துக்கு மீன் குழம்பு கொண்டுபோனேன். அதோடு மீனும் போயிற்று. மீன் என்ற சொல்லைச் சொன்னாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்குள் அத்திபெலேயிலிருந்து அண்ணி வந்துவிட்டார். இவருடைய அக்கா கோவிந்தம்மா. அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் பூக்கடை வைத்திருக்கிறார். எனக்கும் அவருக்கும் கல்யாணத்தன்று தொடங்கிய போட்டி. அவர் தம்பியை நான் சரியாகக் கவனிக்கவில்லை என்று அவருக்கு இருபது வருடமாகச் சந்தேகம், இப்போது கையில் ஆதாரமே கிடைத்துவிட்டது.

"நீ எண்ணெயைக் கொட்டி மசாலாவைக் கொட்டி வெச்சா நோயாளி எப்படித் தின்னுவான்? என் தம்பி வாய் எனக்குத் தெரியும்" என்றார். மூன்றாவது மருந்துக்கு அவர் கேரியர். பருப்புக் கடைசல், முட்டைப் பொரியல், நெய் ஊற்றிப் பிசைந்த சோறு. அக்கா கையால் ஊட்ட, இவர் சின்னப் பிள்ளையாட்டம் வாயைத் திறந்தார். அண்ணி என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இரண்டு நாளில் பருப்பு போயிற்று, முட்டை போயிற்று, நெய் வாசனையும் போயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அண்ணி தோற்றார் என்ற சந்தோஷம். தோற்றது யார் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

இதற்கிடையில் வாய்க்குள் புண். மருந்து நோயை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை, உடம்பில் வேகமாக வளர்கிற எதையும் கொல்லும். முடி, வாய்க்குள் இருக்கும் மெல்லிய தோல், நோயோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்கள் எல்லாம் அதில் சேர்த்தி. நாக்கில் ருசி மாறிவிடும். "லேத்துல சுருள் சுருளா விழுதே இரும்பு, அதை வாயில போட்டு மெல்ற மாதிரி இருக்கு" என்றார் இவர். எவர்சில்வர் ஸ்பூன் பட்டாலே உமட்டல். பிளாஸ்டிக் ஸ்பூனுக்கு மாற்றினேன், கொஞ்சம் பரவாயில்லை. சூடான சாப்பாட்டில் வாசனை கிளம்பும், ஆறவைத்துக் கொடுத்தால் கிளம்பாது. இதெல்லாம் நானே கண்டுபிடித்தவை, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு மருந்து சொன்னார்கள். உப்பை நிறுத்து, சர்க்கரையை நிறுத்து, பாலை நிறுத்து. எல்லாவற்றையும் நிறுத்தினால் மனுஷனும் நின்றுபோவார் என்று ஒருத்தரிடம் சொன்னேன், அவர் கோபித்துக்கொண்டு காபி குடிக்காமல் போனார். மிச்சமான காபியை நானே குடித்தேன். தெருவில் இறங்கினால் இன்னொரு இம்சை. இந்த ஊரில் நலம் விசாரிப்பதே "ஊட்டா ஆய்த்தா?" என்றுதான். சாப்பாடு ஆச்சா? பால்காரர் கேட்பார், கண்டக்டர் கேட்பார், கம்பெனி வாட்ச்மேன் கேட்பார். பதில் எதிர்பார்த்துக் கேட்பதில்லை, ஆய்த்து என்றால் போய்விடுவார்கள். ஆனால் அந்த மாதங்களில் அந்தக் கேள்வி என் காதில் விழும்போதெல்லாம் யாரையாவது அறைய வேண்டும்போல இருந்தது. ஆகலை, அவருக்கு ஆகலை, என்ன செய்யப் போகிறீர்கள்?

நான்காவது மருந்து நாள். எடைமெஷின் முள் நாற்பத்தொன்பதில் நின்றது. செருப்பைப் போட்டுக்கொண்டு ஏறச் சொன்னேன். டாக்டர் அதைக் கேட்டுவிட்டு, "செருப்புக்கு மருந்து ஏத்தப் போறதில்ல" என்றார். பிறகு அட்டையில் எழுதினார். "ஒரு வாரம் தள்ளிப் போடறேன். ஐம்பதுக்கு வந்தா ஏத்தலாம். வரலைன்னா மூக்கு வழியா குழாய் போடணும், இல்ல மருந்தைக் குறைக்கணும். குறைச்சா நோய்க்குத்தான் லாபம்."

வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். வெறும் ரசம் சோறு. இவர் தட்டைத் தள்ளினார். நான் திரும்பத் தள்ளினேன். மறுபடி தள்ளினார்.

"தின்னாம சாகணும்னா செத்துத் தொலைங்க" என்றேன். ஆம், சொன்னேன். எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் சொன்னேன்.

இவர் தட்டை எடுத்து ஓரமாக வைத்தார். அப்புறம் சுவரைப் பார்த்துச் சொன்னார். "எனக்கு மட்டும் ஆசையில்லையாடி? கறிக்குழம்புன்னா அந்தச் சிவப்பு மருந்து கண்ணுக்கு வருது. மீனுன்னா அந்தக் கட்டில் வருது. அக்கா பருப்பை நெனச்சா வார்டு பினாயில் வாசனை வருது. நான் என்னா பண்ணட்டும்?"

எனக்கு அது சாக்குப்போக்காகத்தான் பட்டது. மறுநாள் ரத்தப் பரிசோதனைச் சீட்டு வாங்கப் போனபோது, ஊசி போடும் சிஸ்டரிடம் ஒரு பாட்டம் புலம்பினேன். கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், நாற்பது வயதிருக்கும், யாரிடமும் இனிக்க இனிக்கப் பேசாது. "பாருங்க சிஸ்டர், சோத்தைப் பார்த்தா ஆஸ்பத்திரி ஞாபகம் வருதாம். எப்படிக் கதை விடறாரு" என்றேன்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தியது. "மருந்து ஏத்தற அன்னைக்கு என்னா குடுத்தீங்க?"

பெருமையாகவே சொன்னேன். கறி, மீன், அண்ணியின் பருப்பு, முட்டை, நெய்.

"எல்லாம் அவருக்குப் பிடிச்சதா?"

"பின்னே? தேடித் தேடிச் செஞ்சோம்."

"அடப்பாவமே. உங்களை யாருங்க அப்படிச் செய்யச் சொன்னாங்க? உடம்புக்கு மருந்து எது சோறு எதுன்னு தெரியாதுக்கா. அன்னைக்கு வாந்தி எடுத்துச்சுன்னா, வாய் வழியா எது போச்சோ அது மேலதான் பழியைப் போடும். அப்புறம் ஜென்மத்துக்கும் அதைக் கிட்ட சேர்க்காது. மருந்து நாள்ல பிடிச்சதைக் கண்ணுலயே காட்டக் கூடாது."

"அப்ப எதைத்தான் குடுக்கறது?"

"போனா போகட்டும்னு விடற மாதிரி ஒண்ணைக் குடுங்க. அவருக்குப் பிடிக்காதது ஏதாவது இருக்குமே?"

நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். யாரோ ஒருத்தர் எனக்கு ஏதோ சாவுச் செய்தி வந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒருவிதத்தில் சாவுதான். அவருக்குப் பிடித்த ஒவ்வொன்றையும் நானே சமைத்து, நானே சுமந்துபோய், அந்தக் கட்டிலில் வைத்து ஒழித்திருக்கிறேன். அண்ணி கொஞ்சம் ஒழித்தார். பாசத்தில்தான் செய்தோம். பாசம் என்றால் யோசிக்க வேண்டாம் என்று யார் சொன்னது?

சரி, பிடிக்காதது. அதற்கு யோசிக்கவே வேண்டாம். ராகிக் களி. இவர் கிருஷ்ணகிரிப் பக்கம் வளர்ந்தவர். சின்ன வயதில் மூன்று வேளையும் அதுதான். கல்யாணமான முதல் வாரமே எனக்குச் சட்டம் போட்டுவிட்டார்: "என்ன வேணும்னாலும் ஆக்கு. களி மட்டும் கிண்டாதே. அதைத் தின்னக் கூடாதுன்னுதான் பெங்களூரு வந்தேன்." வந்து சேர்ந்த ஊரோ தெருவுக்குத் தெரு அதையே உருட்டி, முத்தே என்று பெயர் வைத்து விற்கிற ஊர். அந்த ஓட்டல் பலகையைப் பார்த்தாலே எதிர்ப்பக்கம் நடப்பார். ஆனால் யோசித்துப் பார்த்தால், அதற்கு வாசனை கிடையாது, காரம் கிடையாது, மெல்லவும் வேண்டாம். கிள்ளி உருட்டி விழுங்குவதுதான். வாய்ப்புண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எனக்குக் கிண்டத் தெரியாது. முதல் தடவை மாவு கட்டிகட்டியாக நின்றது. வேறு வழியில்லாமல் கீழே இறங்கி கௌரம்மாவின் கதவைத் தட்டினேன். மாதக்கணக்காகப் பேச்சில்லை.

"ஈவாக பந்தியா?" என்றார். இப்பத்தான் வந்தியா என்று அர்த்தம். அப்புறம் அவருடைய அரைத்தமிழில், "அவ்ரு வாந்தி பண்றது டெய்லி கீளே கேக்குது. நீ வருவே வருவேன்னு பாக்கறேன், வர்லே. அவ்ளோ திமிரு."

"களி கிண்டத் தெரியலை. சொல்லிக் குடுங்க" என்றேன். மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ, நான் கேட்கவில்லை.

அவர் அடுப்பில் தண்ணீர் வைத்தார். தண்ணீர் கொதிக்கும்போது மாவை நடுவில் குவியலாகக் கொட்ட வேண்டும், உடனே கிளறக் கூடாது, அது தானாக வெந்து பிளந்து வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அப்புறம்தான் கோலால் அடித்துக் கிண்ட வேண்டும். "நீ அவ்சரப்படறே, அதான் கட்டி ஆகுது" என்றார். சமையலைத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். கடைசியில் அவருடைய பாத்திரத்தையும் கோலையும் என் கையில் திணித்தார். "உன் மீன் பாத்திரத்துல முத்தே பண்ணாதே. இது எடுத்துக்கோ. திருப்பித் தர்ரப்போ புளி போட்டு தேய்ச்சுக் குடு."

மேலே கொண்டுபோய் ஆறவைத்து, குளிர்ந்த மோரோடு முன்னால் வைத்தேன். இவர் பார்த்தார்.

"என்னா இது?"

"களி."

"என்னைக் கொல்லறதுன்னே முடிவு பண்ணிட்டியா?"

சிஸ்டர் சொன்னதைச் சொன்னேன். "உங்களுக்குப் பிடிக்க வேணாம். திட்டிக்கிட்டே முழுங்குங்க. போனா களிதானே போகும்?" என்றேன். அப்புறம், அவர் முதல் நாளே கேட்ட ஒன்றை அன்றைக்குத்தான் செய்தேன். எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன், வாயைப் பார்க்காமல்.

பின்னால் மோர்க் கிண்ணம் நகரும் சத்தம். அதன்பின் ஒரு திட்டு. ராகியைக் கண்டுபிடித்தவனைத் திட்டினார். கொஞ்ச நேரம் கழித்து கௌரம்மாவுக்கு ஒன்று. அப்புறம் டாக்டரம்மாவுக்கு, எனக்கு, எங்கள் அப்பாவுக்கு. வாயில் உருண்டை இருந்தால் திட்ட முடியாது, திட்டுக் காதில் விழுந்தால் உருண்டை உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். நான் சுவரைப் பார்த்தபடி எண்ணினேன். ஒன்பது திட்டு. ஒரு மாதமாக அவர் இவ்வளவு சாப்பிட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

அந்த வாரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, எலுமிச்சை அளவு உருண்டைகள் நாலைந்து. நடுவில் வாழைப்பழம், குளிர்ந்த தயிர், வேர்க்கடலையை அரைத்துக் கலந்த கஞ்சி. ஒவ்வொரு வேளையும் நான் சுவர்ப்பக்கம் திரும்பினேன், ஒவ்வொரு வேளையும் திட்டு கேட்டது. பட்டறையில் கற்ற வார்த்தைகள் எல்லாம் வெளியே வந்தன. கீழே கௌரம்மாவுக்கும் கேட்டிருக்கும், ஊதுபத்தி ஏற்றவில்லை. ஏழாம் நாள் எடைமெஷினில், செருப்பைக் கழற்றிவிட்டு, ஐம்பதும் இன்னும் கொஞ்சமும். டாக்டர் சிரிக்கவில்லை. "ஏத்தலாம்" என்று மட்டும் சொன்னார். அதுவே போதும்.

மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது வார்டு வாசலில் அண்ணி வந்து நின்றார், கையில் கேரியர். நாட்டுக்கோழி வறுவல். அத்திபெலேயிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்திருந்தார். மூடியைத் தாண்டி மிளகு வாசனை வந்தது. இவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை அதுதான்.

நான் கதவை மறித்துக்கொண்டேன். "உள்ள வேணாம் அண்ணி."

"நகருடி. என் தம்பிக்கு நான் கொண்டாந்தது."

"அதனாலதான் வேணாங்கறேன்." சிஸ்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். அவர் காதில் வாங்கவில்லை. என் தம்பியைப் பட்டினி போட்டுக் களியைத் திணிக்கிறாயா, என் கை படக் கூடாதா என்று குரல் ஏறிக்கொண்டே போனது. வாட்ச்மேன் வந்துவிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கேரியரைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தேன், மூடியைத் திறந்தேன், சாப்பிட ஆரம்பித்தேன். இது தீர்ந்துபோனால் உள்ளே போக எதுவும் இருக்காது, அவ்வளவுதான் கணக்கு.

முதல் இரண்டு துண்டு வீம்புக்குத்தான் தின்றேன். மூன்றாவது துண்டில், எனக்குப் பசிக்கிறது என்று தெரிந்தது. மூன்று மாதமாக நான் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. வீட்டில் எதைச் சமைத்தாலும் இவருக்கு வாசனை ஆகாது என்று பிரெட்டும் டீயுமாக ஓட்டியிருந்தேன். யாரும் என்னை எடைமெஷினில் ஏற்றவில்லை, அதனால் எனக்கே தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்ட, எலும்பைக் கடித்துக் கடித்துத் தின்றேன்.

அண்ணி சத்தத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என் கழுத்தெலும்பைப் பார்த்தாரோ, தொளதொளத்த ரவிக்கைக் கையை ஊக்கு குத்திப் பிடித்திருந்ததைப் பார்த்தாரோ. பக்கத்தில் உட்கார்ந்தார். அடித்தட்டைத் திறந்து சோற்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"வெறும் கறியா திங்காதே. சோத்தோட தின்னு" என்றார். இருபது வருடத்தில் அவர் எனக்குப் பரிமாறியது அதுதான் முதல் தடவை. பாதியில் மூக்கைச் சிந்திவிட்டு, "அவன் களியா திங்கறான்? நெசமாவா?" என்று கேட்டார்.

"திட்டிக்கிட்டே திங்கறாரு."

"திட்டினானா? அப்ப பொழைச்சுக்குவான்."

ஐந்தாவதும் ஆறாவதும் நாள் தவறாமல் முடிந்தன. கௌரம்மாவின் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்துத் திருப்பிக் கொடுத்தேன். குழாய்ச் சண்டை அடுத்த மாதமே மறுபடி தொடங்கியது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர், கட்டி எதுவும் தெரியவில்லை, ஆனால் ஐந்து வருடம் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தோம். ஐந்தாவது வருடப் பரிசோதனையும் முடிந்து, இனி வருடத்துக்கு ஒரு தடவை வந்தால் போதும் என்று சொன்ன நாளில், திரும்பி வரும் வழியில் இவர் கறிக்கடை முன்னால் நின்றார்.

"அரைக்கிலோ வாங்கு."

"உங்களுக்குத்தான் ஆகாதே."

"எனக்கில்லை. உனக்கு. இத்தனை வருஷமா உனக்கு ஆசையா இருந்தா அக்கா வீட்டுக்குப் போய்த் திருட்டுத்தனமா தின்னுட்டு வர்ற. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

கதவு ஜன்னலை எல்லாம் திறந்துவைத்துக் குழம்பு வைத்தேன். இவர் துண்டால் மூக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வெளியே போகாமல் என் எதிரிலேயே உட்கார்ந்தார். நான் பிசைந்து முதல் வாயை எடுத்தேன். இவர் என் வாயையே பார்த்தார். அப்புறம் தொண்டையை. சோறு நடுவழியில் நின்றுவிட்டது.

"வாயையே பார்க்காதீங்க. எனக்கு இறங்கமாட்டேங்குது."

சொன்ன பிறகுதான் அது யார் சொன்ன வார்த்தை என்று எனக்கு உறைத்தது. துண்டுக்கு மேலே இவர் கண் சிரித்தது.

"இப்பத் தெரியுதா?" என்றார். எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "ம், தின்னு. ஒரு வாய்க்கு ஒரு திட்டு. கேட்டாத்தான் எனக்குத் தெரியும்."

விழுங்கிவிட்டுத் திட்டினேன். கழுத்தில் கட்டி வந்ததற்கு ஒன்று. தட்டைத் தள்ளினதற்கு ஒன்று. என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகப் பார்த்ததற்கு ஒன்று. அந்த முதுகு ஒவ்வொன்றுக்கும் குலுங்கியது, சிரிப்பா அழுகையா என்று நான் கேட்கவில்லை. தட்டு காலியாகும்வரை எனக்குத் திட்டுக்குப் பஞ்சம் வரவில்லை.